மூன்று நிமிடத்தில் 75 மதிப்பெண்

1970இல் தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இடம் கேட்டு விண்ணப்பித்த மாணவருக்கு மொத்த மதிப்பெண் 275. அதில் 200 அவர் தேர்வறையில் எழுதிய விடைத்தாள்களுக்கு. மீதி 75 தேர்வுக் குழுவின் முன்னால் போய் உட்காரும் நேர்காணலுக்கு. விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு வெளியே செய்த சேவைகள், உடல்நிலையும் தாங்கும் வலுவும், பொதுத் திறமை, படிப்பின் மீதான நாட்டம் என்று ஐந்து தலைப்புகளில் அந்த 75ஐப் பிரித்துப் போட வேண்டும் என்பது விதி. ஒரு மாணவருக்குக் கிடைத்ததோ சுமார் மூன்று நிமிடம். அதாவது ஒரு தலைப்புக்கு 36 விநாடி. ஒரு பையனின் உடல் வலுவை 36 விநாடியில் எப்படிப் பார்ப்பது, நாட்டத்தை அடுத்த 36 விநாடியில் எப்படி எடைபோடுவது என்று யாரும் விளக்கவில்லை. குழுக்கள் தலைப்பு வாரியாக மதிப்பெண் போடவும் இல்லை. மொத்தமாக ஒரே எண்ணை எழுதி வைத்தன. இடம் கிடைக்காத மாணவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ‘ஏ. பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு’ என்று சட்டப் புத்தகங்களில் இடம்பெற்றுவிட்ட அந்த வழக்கில், நீதிபதி கே.எஸ். ஹெக்டே எழுதிய தீர்ப்பு இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொன்னது. 275இல் 75 என்பது பார்த்த மாத்திரத்திலேயே அதிகம். மூன்று நிமிடத்தில் ஒருவரின் திறமையை மதிப்பிடுவது அநேகமாக முடியாத காரியம்.

இந்த வழக்கை நடைமுறைக் கோளாறு பற்றிய ஒரு பழைய வழக்காக மட்டும் படித்துவிட்டுப் போய்விடலாம். எனக்கு அது கல்லூரிச் சேர்க்கை நேர்காணலின் வரலாற்றையே திறந்து காட்டும் வாசலாகத் தெரிகிறது. மூன்று நிமிடத்தில் திறமையைப் பார்க்க முடியாது என்றால், குழு உண்மையில் எதைப் பார்த்தது? மாணவர் உள்ளே வரும்போது கூடவே கொண்டுவந்ததைத்தான் பார்த்திருக்க முடியும்: நடை, உடை, ஆங்கில உச்சரிப்பு, ‘அப்பா என்ன செய்கிறார்’ என்ற கேள்விக்குத் தயங்காமல் வரும் பதில், கையிலிருந்த சான்றிதழ்க் கோப்பு. இவற்றில் ஒன்றுகூட நேர்காணலுக்கு முந்தின வாரம் தயார் செய்துகொள்ளக் கூடியது இல்லை. வீட்டில் பத்துப் பதினைந்து வருடமாக நடந்துவந்த தயாரிப்பு அது. சேர்க்கை நேர்காணல் எங்கெல்லாம் மேற்பார்வை இல்லாமல் நடந்ததோ அங்கெல்லாம் அது அளந்தது இந்த வீட்டுத் தயாரிப்பைத்தான் என்பதும், தமிழ்நாடு அதை விட்டு விலகியது சரியான முடிவு என்பதும் என் வாதம்.

அந்த ஐந்து தலைப்புகளையே இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். என்.சி.சி. 1948இல் தொடங்கியது. அதன் பிரிவுகள் எல்லாப் பள்ளி, கல்லூரிகளிலும் இருந்ததில்லை. பிரிவு இல்லாத பள்ளியில் படித்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தச் சான்றிதழைக் காட்ட முடியாது. விளையாட்டும் அப்படித்தான். தெருவில் ஆடிய கபடிக்குச் சான்றிதழ் கிடையாது. மாவட்டப் போட்டிக்கு அணி அனுப்பும் பள்ளியில் படித்திருந்தால்தான் காகிதம் கைக்கு வரும். சேவை என்ற தலைப்புக்கும் சாரணர் இயக்கம் போன்ற ஏதாவது ஓர் அமைப்பின் கடிதம் வேண்டும். பள்ளி விட்டதும் வயலுக்கோ தறிக்கோ கடைக்கோ போன பிள்ளை வீட்டுக்குச் செய்த சேவைக்கு யார் சான்று கொடுப்பார்கள்? விதியை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. புத்தகப் புழுவாக இல்லாத, எல்லாப் பக்கமும் வளர்ந்த இளைஞர்கள் மருத்துவர்களாக வர வேண்டும் என்ற நல்ல ஆசைதான் அதில் தெரிகிறது. ஆனால் அந்த ஆசை சான்றிதழாக மாறி மேஜைக்கு வரும்போது, எல்லாப் பக்கமும் வளர வசதி இருந்தவர் யார் என்ற கணக்காகிவிடுகிறது.

நீதிமன்றமும் இந்த இடத்துக்கு ஒரே தாவலில் வந்துவிடவில்லை. 1964இல் மைசூர் அரசுக்கு எதிராக சித்ரலேகா தொடுத்த வழக்கிலும் மருத்துவ, பொறியியல் சேர்க்கைக்கான நேர்காணல்தான் பிரச்சினை. விருப்பப் பாடங்களின் மொத்த மதிப்பெண்ணில் 25 விழுக்காடு அங்கே நேர்காணலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சுப்பா ராவ் அந்த முறையை ஏற்றுக்கொண்டார். மாணவரின் திறனை அளக்கும் வழி எது என்பதில் கல்வியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, தவறாகப் பயன்படுத்த முடியும் என்பதற்காகவே ஒரு முறையைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட முடியாது என்பது அவர் நிலை. நீதிபதி முதோல்கர் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். அன்றைய சூழலில் சுப்பா ராவின் நிலையில் நியாயம் இருந்தது. நாட்டில் நேர்காணல் அப்போது சாதாரண வழக்கம். 1951இல் தொடங்கிய கரக்பூர் ஐ.ஐ.டி.கூட முதல் சில ஆண்டுகள் கல்லூரி மதிப்பெண்ணோடு நேர்காணல் வைத்துத்தான் மாணவர்களை எடுத்தது. எழுத்துத் தேர்வு பிறகுதான் வந்தது. சித்ரலேகா வழக்குக்கும் பெரியகருப்பன் வழக்குக்கும் இடையில் ஆறே ஆண்டுகள். கொள்கையளவில் ஏற்கப்பட்ட ஒன்று நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை இரண்டாவது வழக்கு கடிகாரத்தை வைத்துக் காட்டியது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு வரும். தமிழ்நாட்டில் அதை எழுப்புவதற்கு நல்ல காரணமும் உண்டு. நேர்காணல் ஏழைக்கு எதிரான ஆயுதம் மட்டும்தானா, மதிப்பெண்ணில் பின்தங்கிய கிராமத்துப் பிள்ளையைக் கைதூக்கிவிட மனிதாபிமானம் உள்ள ஒரு குழுவுக்கு அது வழி இல்லையா என்று கேட்பார்கள். காமராசரைப் பற்றி மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மருத்துவக் கல்லூரிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கத் திணறிய அதிகாரிகளிடமிருந்து விண்ணப்பங்களை வாங்கிய அவர், பெற்றோர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் கைநாட்டு இருந்த விண்ணப்பங்களைத் தனியே எடுத்து வைத்தார் என்பது கதை. நடந்ததா இல்லையா என்ற ஆராய்ச்சி இங்கே தேவையில்லை. அறுபது ஆண்டுகளாக அது சொல்லப்பட்டு வருவதே, தேர்வு செய்பவரின் இரக்கத்தை மக்கள் எவ்வளவு நம்பியிருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதையிலேயே மாணவர் யாரும் நேரில் வரவில்லை. காகிதத்தில் இருந்த, எல்லோரும் பார்க்கக் கூடிய ஓர் அடையாளத்தை வைத்துத்தான் முடிவு எடுக்கப்படுகிறது. அதைச் சட்டமாகவே செய்ய முடியும். தமிழ்நாடு செய்தும் காட்டியது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை 1951இல் உச்ச நீதிமன்றம் செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாது என்றபோது, அந்த ஆண்டே அரசியல் சட்டம் முதல்முறையாகத் திருத்தப்பட்டது. பிற்படுத்தப்பட்டோருக்கு 25 விழுக்காடு என்று அப்போது தொடங்கிய ஒதுக்கீடு 1971இல் 31 ஆகவும் 1980இல் 50 ஆகவும் உயர்ந்தது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான ஒதுக்கீட்டோடு சேர்ந்து மொத்தம் 69 விழுக்காட்டில் வந்து நின்றது. எத்தனை இடம், யாருக்கு, எந்தச் சான்றிதழின் பேரில் என்பது ஊரறிந்த விஷயம். இரக்கமுள்ள குழு இந்த வருடம் அமையலாம். அடுத்த வருடம் அதே நாற்காலியில் வேறு யாரோ உட்காருவார்கள். மாணவர் தன் உரிமையாகக் கேட்டு வாங்கக் கூடியது இட ஒதுக்கீடு. நேர்காணலில் கிடைத்தால் அது சலுகை.

நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அமெரிக்காவின் உதாரணம் போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு பெரும்பாலும் எழுத்துத் தேர்வின் பேரில்தான் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. தேர்வில் தேறினால் இடம். குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் படித்து அந்தத் தேர்வில் வெற்றி பெற்றார்கள். 1900 வாக்கில் ஏழு விழுக்காடாக இருந்த யூத மாணவர்கள் 1922இல் 21 விழுக்காட்டைத் தாண்டினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் லோவெல் இதைக் கட்டுப்படுத்த வெளிப்படையாகவே உச்சவரம்பு கேட்டார். பேராசிரியர்கள் ஏற்கவில்லை. 1926இல் வழி மாறியது. மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, ‘குணநலன்’ பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்றார்கள். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்டார்கள். தனிப்பட்ட குணங்களைப் பற்றிய கடிதங்களும் நேர்ச்சந்திப்பும் எடை பெற்றன. அடுத்த சில ஆண்டுகளில் யூத மாணவர்களின் பங்கு பதினைந்து விழுக்காட்டுப் பக்கம் இறங்கியது. உச்சவரம்பு என்ற சொல்லால் சாதிக்க முடியாததைக் குணநலன் என்ற சொல் சாதித்துவிட்டது. ஜெரோம் காரபெல் போன்ற ஆய்வாளர்கள் பல்கலைக்கழகங்களின் சொந்த ஆவணங்களைக் கொண்டே இதைத் துலக்கியிருக்கிறார்கள். இன்று அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பணம் கட்டி நேர்காணல் பயிற்சிக்குப் போகிறார்கள். தாங்கள் பயிற்சி பெறும் அந்தச் சடங்கு எதற்காக வளர்க்கப்பட்டது என்பதை அவர்களும் அவர்களின் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது.

மறுபடி இந்தியாவுக்கு வருவோம். பெரியகருப்பன் தீர்ப்புக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1980 நவம்பரில், அதே கேள்வி ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியிலிருந்து ஐந்து நீதிபதிகள் அமர்வின் முன் வந்தது. அஜய் ஹாசியா வழக்கு என்று அதைச் சொல்வார்கள். எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம். அந்த நேரத்திலும் பெற்றோர் யார், வீடு எங்கே என்பவைதான் கேட்கப்பட்டன என்று மாணவர்கள் முறையிட்டார்கள். தீர்ப்பெழுதிய நீதிபதி பகவதி, நேர்காணலையே தூக்கி எறிய வேண்டும் என்று சொல்லவில்லை. அது முழுமையான அளவுகோல் இல்லை, தனிமனித விருப்பு வெறுப்புக்கு இடம் தருவது, ஆயினும் துணைக் கருவியாக இருக்கலாம் என்றார். மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் அதற்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்று எல்லை வகுத்தார். அதே தீர்ப்பில் இன்னொரு வாசகமும் உண்டு. நேர்காணல்களை ஒலிநாடாவில் பதிவு செய்வது நல்லது என்றது நீதிமன்றம். 15 விழுக்காடு சட்ட உலகில் நிலைபெற்றுவிட்டது. ஒலிநாடா யோசனையை யாரும் பொருட்படுத்தவில்லை. இரண்டில் முக்கியமானது இரண்டாவதுதான் என்று நான் நினைக்கிறேன். விழுக்காட்டைக் குறைத்தால் அநீதியின் அளவு குறையும், அவ்வளவுதான். கடைசி இடத்துக்கு அரை மதிப்பெண்ணில் போட்டி நடக்கும்போது 15 விழுக்காடே எல்லாவற்றையும் புரட்டிப் போடும். என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்பதற்குப் பதிவு இருந்தால்தான் போட்ட எண்ணுக்குக் காரணம் கேட்க முடியும்.

தமிழ்நாடு வேறு பாதையில் போனது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. நேர்காணல் மதிப்பெண் ஒழிந்தது. பிளஸ் டூ பாடங்களுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போட்டார்கள். 1997இல் பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒற்றைச் சாளர முறை வந்தது. கவுன்சலிங் என்று இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் அந்த ஏற்பாடு நேர்காணலை அப்படியே தலைகீழாகத் திருப்பியது. கிண்டி வளாகத்தில் மாணவரும் பெற்றோரும் வரிசை எண்படி அழைக்கப்பட்டு உட்காருவார்கள். எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எத்தனை இடம் மிச்சம் என்பது முன்னால் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். கேள்வி கேட்பது மாணவர், தேர்ந்தெடுப்பதும் அவரே. இருவர் ஒரே மதிப்பெண் எடுத்தால் எந்தப் பாடத்தை முதலில் பார்ப்பது, பிறகு பிறந்த தேதி, அதற்கும் பிறகு ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே கொடுக்கப்பட்ட ரேண்டம் எண் என்பதுவரை எழுதி வைத்திருந்தார்கள். வேட்டி கட்டிய தகப்பனாரும் ஒன்றும் புரியாமல் கூட வந்த மாமாவும் தங்கள் பிள்ளைக்கு ஏன் இந்த இடம் வந்தது, ஏன் அந்த இடம் போனது என்பதைத் திரையைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். 2018 முதல் அது இணையத்துக்குப் போய்விட்டது. கூட்டமும் அலைச்சலும் குறைந்தது நல்லதுதான். ஆனாலும் அத்தனை பேர் கண்ணெதிரே இடம் நிரம்பிய அந்தக் கூடத்துக்கு இந்த மாநிலத்தின் கல்வி வரலாற்றில் பெரிய மரியாதை உண்டு.

நுழைவுத் தேர்வு மட்டும் யோக்கியமா, அதற்கும் பணம் கட்டிப் பயிற்சிக்குப் போனார்களே, நேர்காணலில் வீட்டுச் செல்வாக்கு வேலை செய்தது என்றால் தேர்வில் வீட்டுப் பணம் வேலை செய்யாதா என்ற கேள்வி இங்கே எழும். நியாயமான கேள்வி, அதற்கு நான் மழுப்பலாகப் பதில் சொல்லப் போவதில்லை. செய்தது. அதனால்தான் தமிழ்நாடு 2006இல் சட்டம் இயற்றி நுழைவுத் தேர்வையும் கைவிட்டது. பின்னர் நீட் வந்தபோது அதே பிரச்சினை பெரிதாகத் திரும்பி வந்தது. ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பயிற்சி மையத்தின் கட்டணத்துக்கு ரசீது உண்டு. யார் போனார்கள், யார் போகவில்லை என்று எண்ண முடியும். நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021இல் நீட்டின் பாதிப்பை ஆராய்ந்து அறிக்கை தர முடிந்ததும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானதும், தேர்வின் அநீதி கணக்கில் பிடிபடுகிறது என்பதால்தான். 1970இன் மூன்று நிமிடங்களில் அப்பாவின் பெயர் எத்தனை மதிப்பெண் வாங்கித் தந்தது என்பதை இனி யாராலும் எண்ண முடியாது. எண்ணக் கூடிய அநீதியைத் திருத்தப் போராடலாம்.

இன்னொரு மறுப்பு ஆழமானது. வேதியியலில் நூறு வாங்கியவர் நோயாளியின் முகத்தை நிமிர்ந்து பார்க்காத மருத்துவராக வரலாம். ஆளைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துச் சேர்ப்பது படிப்பையே வறட்சியாக்கிவிடாதா? இதை நான் பாதி ஏற்கிறேன். ஆளைப் பார்ப்பது தவறில்லை. ஹார்வர்டுக்கு எதிராக 2014இல் தொடுக்கப்பட்ட வழக்கில் வெளிவந்த ஒரு செய்தி என் வாதத்துக்கே ஒரு திருத்தம். விண்ணப்பித்தவர்களை நேரில் சந்தித்துப் பேசிய முன்னாள் மாணவர்கள், ஆசிய வம்சாவளியினருக்கும் வெள்ளையருக்கும் ஆளுமைக்காகக் கொடுத்த மதிப்பீடு ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. பெரும்பாலும் அவர்களைப் பார்த்தே இராத சேர்க்கை அலுவலகம் போட்ட தனிநபர் மதிப்பீட்டில்தான் ஆசிய வம்சாவளியினர் பின்தங்கினார்கள். (2023இல் அந்த வழக்கு இனத்தைக் கணக்கில் எடுக்கும் சேர்க்கை முறைக்கே தடையாக முடிந்தது, அந்த முடிவை நான் இங்கே ஆதரித்துப் பேசவில்லை.) ஆக, எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதில் குற்றமில்லை. காரணம் சொல்லத் தேவையில்லாத எண்ணில்தான் குற்றம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் நேர்காணல் இன்றும் உண்டு. அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்களே அரை மணி நேரம்போலப் பேசுகிறார்கள். மாணவர் முன்பின் பார்த்திராத ஒரு கணக்கையோ பத்தியையோ கொடுத்து, சிக்கிக்கொள்ளும் இடத்தில் அவர் எப்படி யோசிக்கிறார் என்று கவனிக்கிறார்கள். மாதிரிக் கேள்விகளையும் மாதிரி நேர்காணல் காணொளிகளையும் முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். அங்கேயும் வசதியான பள்ளிகளின் பிள்ளைகள் கூடுதல் தயாரிப்போடு வருகிறார்கள் என்ற குறை தீரவில்லை. தீரவில்லை என்று தெரிந்துதான் கேள்விகளை வெளியிடுகிறார்கள். மூன்று நிமிடத்தில் 75 மதிப்பெண் போட்ட முறையையும் இதையும் ஒரே பெயரால் அழைத்து ஒன்றை வைத்து மற்றதற்கு வக்காலத்து வாங்குவது சரியாகாது.

நேர்காணல் குடும்பத்தைத்தான் அளக்கிறது என்பதை இந்த நாட்டின் சட்டமே ஒரு இடத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் சேர வரும் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்த முறையையும் தடை செய்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். எல்.கே.ஜி. சேர்க்கைக்கு அம்மா அப்பாவும் படித்து ஒப்பித்துக்கொண்டு போன காலம் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. கல்லூரிக்கு அப்படித் தடை இல்லை. டெல்லியில் புனித ஸ்டீபன் கல்லூரி நேர்காணலுக்கு 15 விழுக்காடு எடை தரலாமா என்ற வழக்கில், சிறுபான்மையினர் அல்லாத மாணவர்களுக்கு அது கூடாது, பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண் மட்டுமே செல்லும் என்று 2022இல்தான் உயர் நீதிமன்றம் சொன்னது. நம் மாநிலத்திலும் தன்னாட்சிக் கல்லூரிகள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், மேலாண்மைப் படிப்புகள் என்று நேர்காணல் நடக்கும் இடங்கள் இருக்கின்றன. நடத்துகிறவர்களிடம் கேட்பது இதுதான்: எந்தத் தலைப்புகளில், எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடுங்கள், மாதிரிக் கேள்விகளை வெளியிடுங்கள், தமிழிலும் பதில் சொல்லலாம் என்று எழுதிப் போடுங்கள், தகப்பனார் தொழிலைக் கேட்காதீர்கள், போட்ட மதிப்பெண்ணுக்கு இரண்டு வரி காரணம் எழுதுங்கள். உரையாடல் முழுவதையும் பதிவு செய்து, இடம் கிடைக்காதவர் கேட்டால் கொடுங்கள். 1980இல் அதற்கு ஒலிநாடாக் கருவி வாங்க வேண்டியிருந்தது. இன்று குழுவில் உட்காரும் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அது இருக்கிறது.